எண் 6: டெவான்டா ஸ்மித்தின் அலபாமா ஆண்டுகள் ஒரே எறிதலின் கதையா?

பிப்ரவரி 11, 2025 (வாசகர் ஒருவரின் கேள்வி)

“ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் பார்த்தேன். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் டெவான்டா ஸ்மித் 46 யார்டு பந்தைப் பிடித்ததிலிருந்து எல்லோரும் அவருடைய கல்லூரிக் காலத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தப் பெயர் முழுவதும் 2018 ஜனவரியில் அவர் கையில் விழுந்த ஒரே ஒரு பந்தினால் வந்தது என்பது என் கருத்து. மற்றதெல்லாம் அவர் ஆடிய அலபாமா பல்கலைக்கழக அணியின் பலம். அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் அதே எண்ணிக்கைதான் வந்திருக்கும். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.”

பிப்ரவரி 11, இரவு

மறுக்கிறேன். ஆனால் அந்த ஒரு பந்தை முதலில் பேசிவிடலாம். அதை நிதானமாகப் பார்த்தாலே உங்கள் வாதம் பாதி தளர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

2018 ஜனவரி 8, அட்லாண்டா. ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு எதிரான தேசிய இறுதி ஆட்டம். முதல் பாதி முடிந்தபோது அலபாமா 13–0 எனப் பின்தங்கியிருந்தது. பயிற்சியாளர் நிக் சேபன், அதுவரை பந்தெறிந்து அணியை நடத்திவந்த குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை இடைவேளையில் உட்காரவைத்துவிட்டு, முதலாண்டு மாணவரான டுவா டகோவைலோவாவைக் களத்தில் இறக்கினார். ஆட்டம் 20–20 எனச் சமமாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. ஜார்ஜியா 51 யார்டு தொலைவிலிருந்து உதைத்து மூன்று புள்ளிகள் எடுத்தது. பதிலுக்கு ஆடவந்த அலபாமாவின் முதல் முயற்சியிலேயே டுவா பந்தோடு மடக்கப்பட்டு 16 யார்டு பின்னால் போய் விழுந்தார். இரண்டாம் முயற்சியில், பந்தைத் தக்கவைக்கத் தேவைப்பட்டது 26 யார்டு. அந்த எறிதல்தான் இடது ஓரமாக 41 யார்டு போய் ஸ்மித்திடம் சேர்ந்தது. ஆட்டம் 26–23 என்று அங்கேயே முடிந்தது.

நான்கு பேர் நேராக ஓடும் உத்தி அது. டுவா முதலில் வலப்பக்கம் பார்த்துப் பின்வரிசைத் தடுப்பாளரை ஏமாற்றினார், அந்தப் பெருமை அவருடையதே. ஆனால் பார்வை திரும்பும் அந்த நொடியில் ஸ்மித் ஏற்கெனவே தன்னை எதிர்கொண்டவரைத் தாண்டிப் போய்விட்டிருந்தார். பந்து வருமா வராதா என்று தெரியாத நிலையிலும், வரப்போகிறது என்ற முழு நம்பிக்கையோடு ஓடியவர் அவர். பந்தைப் பிடித்தபோதும் ஓட்டத்தின் வேகம் குறையவில்லை. எறிந்த பந்தை ஓடிப் பிடிக்கும் வைடு ரிசீவரின் தொழில் என்பது இதுதான்: தனக்கு வராத நூறு பந்துகளுக்கும் இப்படியே ஓடியிருந்தால்தான் நூற்றோராவது பந்து வரும்போது சரியான இடத்தில் இருக்க முடியும்.

பிப்ரவரி 12

நேற்றுக் களைப்பில் விட்டுப்போனதை எழுதுகிறேன். அந்த எறிதலோடு முடிந்த 2017 பருவம் முழுவதிலும் ஸ்மித் பிடித்தவை வெறும் 8 பந்துகள்தாம். 160 யார்டு, 3 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பது). அடுத்த ஆண்டாவது அவர் உயர்ந்துவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. 2018-இல் அலபாமாவின் பந்து பிடித்தவர்களை யார்டு கணக்கில் வரிசைப்படுத்தினால், ஜெரி ஜூடி 1,315, ஜேலன் வாடில் 848, ஹென்றி ரக்ஸ் 741, ஐர்வ் ஸ்மித் 710. அதற்கும் கீழே ஐந்தாவதாக நம்முடைய டெவான்டா, 42 பந்துகள், 693 யார்டு. தேசிய இறுதி ஆட்டத்தை வென்றுகொடுத்தவர் அடுத்த ஆண்டு பந்தியில் ஐந்தாவது இலையில் உட்கார்ந்திருந்தார். பரிமாறப் பந்து ஒன்றுதான் இருந்தது.

அந்த ஒரு எறிதலே அவரை உருவாக்கிவிட்டது என்றால், அதற்கு அடுத்த ஆண்டுதானே அது தெரிந்திருக்க வேண்டும்? கடைசி ஆண்டு வரை மற்றவர்களின் நிழலில் இருந்தவர் அவர்.

பிப்ரவரி 13

மேலே உள்ள கடைசி வாக்கியம் தவறு; எழுதிய பிறகு 2019-இன் கணக்கை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆண்டே அவர் 68 பந்துகள், 1,256 யார்டு, 14 டச்டவுன் என்று அணியில் முதலிடத்துக்கு வந்துவிட்டார். ஜூடி பிடித்த பந்துகள் 77, அதிகந்தான். ஆனால் யார்டும் டச்டவுனும் ஸ்மித்துக்கே கூடுதல். நிழல் எண்ணிக்கையில் இல்லை, பேச்சில் இருந்தது. ஜூடி 2018-இல் நாட்டின் மிகச் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதைப் பெற்றவர், ரக்ஸின் ஓட்ட வேகத்தைப் பேசாத தொலைக்காட்சி வருணனையாளரே கிடையாது. அதனால் நானும் அப்படியே நினைவில் வைத்திருந்திருக்கிறேன்.

பிப்ரவரி 15

அந்த 2019 பருவத்தின் ஓர் ஆட்டத்தை நேரில் பார்த்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் அப்போது பர்மிங்ஹாமில் குடியிருந்தோம். அங்கிருந்து டஸ்கலூசா காரில் ஒரு மணி நேரத் தொலைவு. எதிர்வீட்டுப் பெரியவர் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். செப்டம்பர் 28, ஒலே மிஸ் அணியோடு ஆட்டம். அவருடைய மகன் வர முடியாமல் போனதால் மிச்சமிருந்த சீட்டை எனக்குக் கொடுத்தார். பிரையன்ட் டென்னி அரங்கத்தின் மேலடுக்கில், கோல் கம்பத்துக்குப் பின்னால் எங்கள் இருக்கை. செப்டம்பர் இறுதியானாலும் அலபாமாவின் வெயில் தணிந்திருக்கவில்லை. உட்கார்ந்ததும் தன்னுடைய பழைய பைனாகுலரை என் கழுத்தில் மாட்டிவிட்டு, “பந்தைப் பார்க்க ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள், நீ ஆறாம் எண்ணின் காலை மட்டும் பார்” என்றார்.

முதலில் எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. மெலிந்த ஒரு பையன் கோட்டோரம் நிற்கிறான், பந்து நகர்ந்ததும் ஓடுகிறான், திரும்பி வருகிறான். ஏழெட்டு முறை பார்த்த பிறகுதான் பிடிபட்டது. ஒவ்வொரு முறையும் அவருடைய முதல் மூன்று அடிகள் ஒன்றுபோலவே இருந்தன. தொலைவாக ஓடப்போகிறாரா, உள்ளே வெட்டப்போகிறாரா, நின்று திரும்பப்போகிறாரா என்பதை அந்த மூன்று அடிகளில் யாராலும் படிக்க முடியாது. நான்காம் அடியில் இடுப்பு சற்றே தாழும், தோள் தாழாது. தோள் தாழ்ந்தால் எதிரே பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும் தடுப்பாளரான கார்னர்பேக் உடனே புரிந்துகொள்வார். இடுப்பு தாழ்ந்ததும் உட்கால் ஒன்று புல்லில் ஊன்றும், அடுத்த அடியில் அவர் வேறு திசையில் இருப்பார். கார்னர்பேக் அதற்குப் பிறகுதான் திரும்பவே ஆரம்பிப்பார். இடைவெளி இரண்டு யார்டு இருக்கும். அந்த இரண்டு யார்டை உருவாக்குவதற்குத்தான் அவ்வளவு பாடும்.

முதல் டச்டவுன் குறுக்கே வெட்டி ஓடிய ஒரு சின்ன எறிதல். பந்து காற்றில் போன தூரம் கொஞ்சந்தான். மிச்சத்தை ஸ்மித் ஓடியே கடந்தார், எழுபது யார்டுக்கு மேல். அன்று அவர் 11 பந்துகளைப் பிடித்து 274 யார்டு எடுத்தார்; 5 டச்டவுன். ஒரே ஆட்டத்தில் அலபாமா ரிசீவர் ஒருவர் எடுத்த யார்டுகளில் அதுதான் மிக அதிகம். ஆட்டம் 59–31. அரங்கமே எழுந்து கத்திக்கொண்டிருந்தபோது ஆறாம் எண் பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு நடந்து போனதைத்தான் பெரியவர் எனக்குச் சுட்டிக் காட்டினார்.

அவருடைய ஐந்து போக வேறு டச்டவுன்களும் அந்த அணிக்கு வந்தன. அவற்றில் அவருக்குப் பந்து வரவில்லை. அப்போதும் முதல் மூன்று அடிகள் அதேபோல்தான் இருந்தன என்பதை நான் பார்த்தேன், பைனாகுலர் என்னிடம் இருந்ததால்.

பிப்ரவரி 16

எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. ‘ஒரே ஒரு பந்து’ என்ற வாதத்துக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

அட்லாண்டாவுக்கு இரண்டு மாதம் முன்பு, 2017 நவம்பர் 11 அன்று, ஸ்டார்க்வில்லில் மிசிசிப்பி ஸ்டேட் அணியோடு அலபாமா 24–24 என்று சிக்கிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிய 25 நொடிகள் இருக்கையில் 26 யார்டு எறிதல் ஒன்று டச்டவுனாகி 31–24 என்று வென்றார்கள். பிடித்தவர் முதலாண்டு மாணவர் டெவான்டா ஸ்மித், எறிந்தவர் ஜேலன் ஹர்ட்ஸ். ஆக, அந்த ஆண்டு அவர் பிடித்த மொத்தம் எட்டுப் பந்துகளில் இரண்டு, ஆட்டத்தையே முடித்துவைத்த பந்துகள். பயிற்சியாளர்கள் ஒரு முதலாண்டு மாணவரை அப்படிப்பட்ட நேரத்தில் களத்தில் வைத்திருப்பது தற்செயலாக நடக்காது. பயிற்சி நாள்களில் யாரும் பார்க்காதபோது அவர் எதைக் காட்டினாரோ அதற்குக் கிடைத்த இடம் அது.

இப்போது கடந்த ஞாயிறைப் பாருங்கள். நியூ ஆர்லியன்ஸில் அந்த 46 யார்டு பந்தை எறிந்தவரும் அதே ஹர்ட்ஸ்தான். அட்லாண்டாவில் இடைவேளையில் உட்காரவைக்கப்பட்டவர், தனக்குப் பதிலாக வந்தவர் எறிந்த பந்தில் அணி வென்றபோது ஓரத்தில் நின்று பார்த்தவர், ஏழு ஆண்டுகள் கழித்து அதே ரிசீவருக்கு எறிந்து ஸ்கோரை 34–0 ஆக்கினார். ஸ்மித் பிறந்த லூயிசியானா மாநிலத்திலேயே அது நடந்தது. அமீட் என்ற சிறிய ஊர்க்காரர் அவர். எனக்கு அந்த நேரத்தில் கண் கலங்கிவிட்டது.

பிப்ரவரி 20

“2020 எண்ணிக்கையைக் காட்டித்தான் எல்லோரும் வாதாடுகிறார்கள், அது கொரோனா ஆண்டுதானே” என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், கொரோனா ஆண்டுதான். ஆனால் அது எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட வேண்டிய காரணமா, கூட்டிக் காட்ட வேண்டிய காரணமா என்று யோசியுங்கள். அலபாமாவின் அட்டவணையில் அந்த ஆண்டு வழக்கமாக இடம்பெறும் எளிய எதிரணிகள் ஒன்றும் இல்லை. தங்கள் சொந்தப் பிரிவான எஸ்.இ.சி. அணிகளோடு மட்டும் பத்து ஆட்டங்கள், பிறகு பிரிவு இறுதி, பிறகு தேசியச் சுற்றின் இரண்டு ஆட்டங்கள். பதின்மூன்றையும் வென்றார்கள்.

2020 தொடக்கத்தில் ஜூடியும் ரக்ஸும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். தொழில்முறை அணிகள் முறைவைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில் இருவரும் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார்கள். ஸ்மித்தும் போயிருக்கலாம். போகவில்லை, நான்காம் ஆண்டுக்கு நின்றார். அக்டோபர் 24 அன்று டென்னசி ஆட்டத்தின் முதல் உதையிலேயே வாடிலின் கணுக்கால் முறிந்தது. முன்பு நால்வராக நின்ற வரிசையில் எஞ்சியவர் ஒருவர்தான். இனி எதிரணிகள் அத்தனை பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் ஒருவரையே பார்ப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த வாரம் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிராக அவர் பிடித்தவை 11 பந்துகள், 203 யார்டு, 4 டச்டவுன்.

உங்கள் ‘யார் நின்றிருந்தாலும்’ என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல சோதனை அமையாது. சுற்றியிருந்த நட்சத்திரங்கள்தான் காரணம் என்றால், நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக விலகிய பிறகு எண்ணிக்கை சரிந்திருக்க வேண்டும். அது ஏறியது: 117 பந்துகள், 1,856 யார்டு, 23 டச்டவுன். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுவது என்று வாடில் விட்டுப்போன வேலையையும் ஏற்றுக்கொண்டு ஆர்கன்சாவுக்கு எதிராக 84 யார்டு ஓடி அதிலும் ஒரு டச்டவுன் எடுத்தார்.

நேர்மையாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எறிந்தவர் மேக் ஜோன்ஸ், உத்தி வகுத்தவர் ஸ்டீவ் சார்கிசியன், பந்தைக் கையிலேந்தி ஓடியவர் நஜீ ஹாரிஸ். நல்ல அணிதான். அதை நான் மறுக்கவில்லை.

பிப்ரவரி 20, சற்று நேரம் கழித்து

அதே ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்தது டிசம்பர் 5, பேட்டன் ரூஜ். எல்.எஸ்.யூ.வின் அரங்கம், அதாவது அவர் சொந்த மாநிலத்தின் பல்கலைக்கழகம். பள்ளி முடித்தபோது அவர் அங்கே போகாமல் அலபாமாவுக்கு வந்ததை அந்த ஊர் மறக்கவில்லை. அன்று 8 பந்துகள், 231 யார்டு, 3 டச்டவுன். அதில் ஒன்று, பின்னால் தொழில்முறை ஆட்டத்தில் பெரும்பெயர் எடுத்த டெரிக் ஸ்டிங்லியின் தலைக்கு மேலே எம்பி ஒரே கையால் இழுத்துக்கொண்டது. கல்லூரி விதிப்படி ஒரு கால் கோட்டுக்குள் பட்டால் போதும். மேலே கையும் கீழே காலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால் அந்தப் பதிவைத் தேடிப் பாருங்கள்.

பிப்ரவரி 22

கல்லூரி ஆட்டத்தில் ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதைப் பற்றித் தனிமடலில் ஒருவருக்கு “வைடு ரிசீவராக அதை வென்ற மூன்றாமவர் ஸ்மித்” என்று எழுதியிருந்தேன். 1987-இல் நோட்டர் டேமின் டிம் பிரவுன், 1991-இல் மிஷிகனின் டெஸ்மண்ட் ஹோவர்டு, அடுத்து இவர் என்பது என் கணக்கு. 1972-இல் வென்ற நெப்ராஸ்காவின் ஜானி ராஜர்ஸை விட்டுவிட்டேன். ஓடுவது, பிடிப்பது, திருப்புவது என்று எல்லாம் செய்தவர் என்பதால் நான் அவரை ரிசீவராக எண்ணவில்லை. ஆனால் பெரும்பாலான பட்டியல்கள் எண்ணுகின்றன. எனவே நான்காமவர் என்று திருத்திக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் வென்ற கொலராடோவின் டிராவிஸ் ஹன்டர் தடுப்பாளராகவும் ரிசீவராகவும் இருபுறமும் ஆடியவர், அவரை எந்தப் பட்டியலில் வைப்பது என்பது தனி விவாதம்.

ஹோவர்டுக்கும் ஸ்மித்துக்கும் இடையில் 29 ஆண்டுகள் என்பது மட்டும் மாறாது. இடையில் பிட்ஸ்பர்க்கின் லேரி ஃபிட்ஸ்ஜெரால்டு 2003-இல் இரண்டாம் இடத்தோடு நின்றார். குவார்ட்டர்பேக்கின் கையில் ஒவ்வொரு முயற்சியிலும் பந்து இருக்கிறது. ரிசீவரின் கையில் ஆட்டத்துக்கு எட்டோ பத்தோ முறைதான். வாக்களிப்பவர்களின் கண் பந்தோடு போவது இயல்பு. 2021 ஜனவரி 5 அன்று இறுதிச் சுற்றிலிருந்த மற்ற மூவருமே குவார்ட்டர்பேக்குகள், அதில் ஒருவர் அவருக்கே பந்தெறிந்த மேக் ஜோன்ஸ். முதலிட வாக்குகளில் 447 ஸ்மித்துக்கு விழுந்தன.

மார்ச் 2

எடையைப் பற்றி நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்கிறீர்கள். வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன், ஏனென்றால் இது எனக்கு வீட்டு விஷயமும் ஆகிவிட்டது.

அலபாமாவின் பட்டியலில் அவர் எடை 175 பவுண்டு என்று இருக்கும், ஏறத்தாழ 79 கிலோ. தேர்வுக்கு முந்திய மருத்துவப் பரிசோதனையில் நிறுத்தபோது 166 பவுண்டு, அதாவது 75 கிலோ. ஆறடி உயர ஆளுக்கு, அதுவும் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள் முழு வேகத்தில் வந்து மோதும் களத்தில், இது மிகக் குறைவு. அந்த 2021 வசந்தம் முழுவதும் பேச்சு அதுதான். ஹைஸ்மன் வாங்கியவரை, எஸ்.இ.சி. வரலாற்றிலேயே அதிகமாக 3,965 யார்டும் 46 டச்டவுனும் எடுத்தவரை, தராசில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் டச்டவுன் கணக்கில் அவருக்கு முன் முதலிடத்தைப் பகிர்ந்திருந்த அமாரி கூப்பர் எடுத்தது 31.

இந்தப் பேச்சில் ஒரு நுட்பத்தைப் பலர் கவனிக்கவில்லை. தொழில்முறை ஆட்டத்தில் முயற்சி தொடங்கும் கோட்டிலிருந்து ஐந்து யார்டுக்கு மேல் ரிசீவரைத் தடுப்பாளர் கையால் தள்ளக் கூடாது. கல்லூரி விதிகளில் அப்படி ஓர் ஐந்து யார்டு வரம்பு இல்லை. பந்து காற்றில் ஏறும்வரை எதிரே நிற்பவரைத் தள்ள இடமுண்டு. ஆகவே மெலிந்த உடலைத் தள்ளித் தடம் மாற்றுவது கல்லூரியில்தான் எளிது. நான்கு ஆண்டுகள் அந்தத் தள்ளலுக்குள் வாழ்ந்தவரைப் பார்த்துத்தான், விதி சாதகமாக இருக்கும் இடத்தில் தாங்குவாரா என்று கேட்டார்கள். தள்ளுவதற்கு முதலில் கை அவர்மீது பட வேண்டும். அவருடைய முதல் மூன்று அடிகளும் அதைத் தவிர்ப்பதற்கே.

ஃபிலடெல்ஃபியா பன்னிரண்டாம் இடத்திலிருந்து மேலேறிப் பத்தாவதாக அவரை எடுத்தது. முதலாண்டில் 916 யார்டு, அடுத்த ஆண்டு 1,196. தராசுப் பேச்சு அதோடு நின்றுபோனது.

மார்ச் 3

‘வீட்டு விஷயம்’ என்றதை விளக்கச் சொன்னீர்கள். என் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளி அணியில் ரிசீவராகச் சேர விரும்பிப் போனான். பயிற்சியாளர் அவன் ஓடுவதைப் பார்ப்பதற்கு முன்பே தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இருபது பவுண்டு ஏற்றிக்கொண்டு அடுத்த ஆண்டு வா என்று அனுப்பிவிட்டார். அவன் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், தட்டில் மூன்றாம் முறையாகச் சோறு போட்டுக்கொண்டான். விழுங்க முடியாமல் விழுங்கிக்கொண்டிருந்தான். என் மனைவி தட்டை எடுத்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னால், அவனைச் சேர்க்காததில் எனக்கு ஒரு பக்கம் நிம்மதிதான். தலையில் அடிபடுவதைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். ஆனால் அந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்று நான் சொல்வது வேறு, ஓடவிட்டுப் பார்க்காமலே உடம்பைப் பார்த்து வேண்டாம் என்று ஒருவர் சொல்வது வேறு. ஹைஸ்மன் ஏற்புரையில் ஸ்மித், நீ சின்ன உடம்புக்காரன் என்று சொல்லப்பட்ட சிறுவர்களை நினைத்துப் பேசியபோது நாங்கள் மூவரும் தொலைக்காட்சி முன்னால் இருந்தோம். மகன் ஒலியைக் கூட்டினான்.

மார்ச் 16

இன்னொரு வாசகர், “இப்போதைய காலமாக இருந்தால் ஸ்மித் 2018 முடிந்ததுமே வேறு கல்லூரிக்கு மாறியிருப்பார்” என்கிறார். இருக்கலாம். அவர் காலத்தில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் ஆட்டக்காரர் பொதுவாக ஓராண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். 2021 ஏப்ரலில் அந்த விதி தளர்ந்து, ஒருமுறை மாறுபவர் உடனே ஆடலாம் என்றானது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் ஈட்டலாம் என்ற அனுமதியும் வந்தது. ஸ்மித் இந்த இரண்டுக்கும் முன்னால் முடித்தவர். நான்காம் ஆண்டுக்கு நின்றபோது ஒரு டாலர்கூட ஈட்ட முடியாத நிலையில்தான் நின்றார்.

நான்காண்டுகள் ஒரே இடத்தில் பொறுத்திருந்து வளர்வதுதான் சரியான பாதை, இப்போதைய பையன்களுக்கு அந்தப் பொறுமை இல்லை என்பது என் எண்ணம்.

மார்ச் 18

மேலே எழுதியதை இரண்டு நாள் யோசித்தேன். அதில் நியாயம் குறைவாக இருக்கிறது. ஸ்மித் போன மறு ஆண்டே அவர் இடத்துக்கு வந்த ஜேமிசன் வில்லியம்ஸ், ஒஹையோ ஸ்டேட்டில் இரண்டு பெரிய ரிசீவர்களுக்குப் பின்னால் வாய்ப்பில்லாமல் இருந்து, புதிய விதியின்படி மாறி வந்தவர். அலபாமாவில் ஒரே ஆண்டில் 1,572 யார்டு, 15 டச்டவுன். முதல் சுற்றிலேயே தேர்வானார். அவரை யாரும் பொறுமையற்றவர் என்று சொல்ல முடியாது; இடம் கிடைத்தால் என்ன செய்வார் என்பதை அவர் காட்டியேவிட்டார். தேசிய இறுதி ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருபது வயதுப் பையன் ஒருவனின் உடம்பு எந்த நாள் எப்படி முறியும் என்று தெரியாதபோது, பணமும் இடமும் கிடைக்கும் பக்கம் போகாதே என்று வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் சொல்லக் கூடாது. 2020-இல் வாடிலுக்கு முறிந்தது ஸ்மித்துக்கு முறிந்திருந்தால் நான் இந்த இழையில் பொறுமையைப் புகழ்ந்திருக்க மாட்டேன். அவர் நின்றது அவருக்குச் சரியாக அமைந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஏப்ரல் 6

நேற்று மகனோடு உட்கார்ந்து 2021 ஜனவரி 11 இறுதி ஆட்டத்தை முழுவதும் மறுபடி பார்த்தேன். மயாமி கார்டன்ஸ், ஒஹையோ ஸ்டேட், 52–24. ஸ்மித் ஆடியது முதல் பாதி மட்டுமே என்று சொல்லலாம்: 12 பந்துகள், 215 யார்டு, 3 டச்டவுன், எல்லாம் இடைவேளைக்கு முன்பே. மூன்றாம் கால்பகுதித் தொடக்கத்தில் வலது கைச் சுட்டுவிரல் மூட்டு நழுவி வெளியேறினார்.

மூன்றாவது டச்டவுன் 42 யார்டு. அதில் அவரைத் துரத்திக்கொண்டு ஓடுபவர் கார்னர்பேக் அல்லர், ஒரு லைன்பேக்கர். ஓடுபவர்களை மோதி நிறுத்துவதற்கென்று இருக்கும் கனத்த ஆள். முயற்சி தொடங்குமுன் ஸ்மித்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்தி, எதிரணியின் ஏற்பாட்டைக் குலைத்து, அந்தப் பொருத்தத்தை வரவழைத்தவர் சார்கிசியன். இதைப் பார்த்ததும் உங்கள் கேள்விதான் நினைவுக்கு வந்தது: இந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் பிடித்திருப்பார்களே? அந்த ஒரு முயற்சியில் மட்டும் எடுத்தால், ஆம், பல பேர் பிடித்திருப்பார்கள். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒன்றும் தயக்கமில்லை. ஆனால் அவருக்கு ஒருவரைத் தனியாக ஒதுக்கினால் போதாது என்று ஒஹையோ ஸ்டேட்டின் தடுப்பாளர்கள் அதற்குள் முப்பது நிமிடமாகத் தடுமாறிக்கொண்டிருந்ததால்தான் அந்தத் தவறான பொருத்தமே உண்டானது. அந்தத் தடுமாற்றத்தை உண்டாக்கிய ஆள் அவர்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வாடில் அன்று களத்தில் இருந்தார். கணுக்கால் முறிந்து மூன்று மாதம்கூட ஆகாமல் நொண்டிக்கொண்டே ஆடி மூன்று பந்துகளைப் பிடித்தார். இடைவேளைக்குப் பிறகு ஸ்மித் இல்லாத வரிசையில் அவர் கோட்டோரம் வந்து நின்றபோது, மகன் பதிவை நிறுத்திப் பின்னால் ஓட்டி, அவருடைய முதல் மூன்று அடிகளைப் பார்க்க ஆரம்பித்தான்.